வைஃபை வந்த வழி: ரவுட்டர் வாங்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை



உங்கள் போனில் வைஃபை பட்டியலைத் திறந்து எத்தனை பெயர்கள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நம் பிளாக்கில் எந்த வீட்டில் நின்று பார்த்தாலும் பத்துக்குக் குறையாது. மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு, லிஃப்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்று எல்லாருடைய ரவுட்டர் அலையும் உங்கள் ஹாலுக்குள் வந்துதான் போகிறது. உங்களுடையதும் அவர்கள் வீட்டுக்குள் போகிறது. மாதா மாதம் ஃபைபருக்குப் பணம் கட்டியும், பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பில் உட்காரும் நேரம் பார்த்து வீடியோ சுற்றிக்கொண்டே நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். "இன்னும் பெரிய ரவுட்டர் வாங்கினால் சரியாகிவிடுமா சார்?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் ஆகாது. ஏன் ஆகாது என்று புரிய, இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கதை ஓர் அடுப்பில் தொடங்குகிறது. அமெரிக்காவில் ரேதியான் நிறுவனத்தின் பெர்சி ஸ்பென்சர், மைக்ரோவேவில் சமைக்கும் முறைக்கு 1945-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இப்படிப்பட்ட கருவிகள் கக்கும் அலைகள் வானொலியையும் விமானத் தொடர்பையும் கெடுக்கக் கூடாதே! அதனால் 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாடு, 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு துண்டைத் தொழிற்சாலை, ஆராய்ச்சி, மருத்துவக் கருவிகளுக்கு என்று ஒதுக்கி வைத்தது. அங்கே இரைச்சல் இருக்கும், யாரும் புகார் சொல்லக் கூடாது. பொறியாளர்கள் அதைக் குப்பை அலைவரிசை என்றே அழைத்தார்கள். நம் வைஃபை குடியேறியது அந்தக் குப்பை மேட்டில்தான். இன்றும் மைக்ரோவேவ் அடுப்பு ஓடுவது 2.45 கிகாஹெர்ட்ஸில். அதனால்தான் ரவுட்டரைச் சமையலறைச் சுவரில் மாட்ட வேண்டாம் என்கிறோம்.

கம்பி இல்லாமல் கணினிகள் பேசிக்கொள்வதற்கு முதலில் வழி காட்டியது ஹவாய். தீவுகளுக்கு இடையே நல்ல தொலைபேசிக் கம்பி இல்லாத நிலையில், ஹவாய் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஆப்ரம்சனும் அவரது குழுவினரும் 1971-ல் ரேடியோ அலைகளில் ஒரு கணினி வலையமைப்பை ஓட்டிக் காட்டினார்கள். பெயர் அலோஹாநெட். அதன் விதி மிக எளிது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடு. இன்னொருவர் பேச்சோடு மோதிவிட்டால், கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி சொல். அந்தக் 'கொஞ்ச நேரம்' ஆளுக்கு ஆள் வேறாக இருப்பதுதான் சூட்சுமம். ஆனால் எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தால், இந்த முறையில் மொத்த நேரத்தில் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். மீதி மோதலிலும் காத்திருப்பிலும் போய்விடும். பின்னால் வந்தவர்கள் "பேசும் முன் காது கொடுத்துக் கேள்" என்ற பழக்கத்தைச் சேர்த்தார்கள். உங்கள் ரவுட்டர் இன்றும் செய்வது அதுதான். பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனலில் பேசிக்கொண்டிருந்தால் உங்களுடையது வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். நீங்கள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் காத்திருக்கும்.

1985 மே மாதம் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு முக்கியமான கதவைத் திறந்தது. மைக்கேல் மார்க்கஸ் என்ற பொறியாளர் அங்கே முன்னின்று வாதாடியதன் பலன் அது. குப்பை அலைவரிசைகளில், குறைந்த சக்தியில், உரிமம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் ஒலிபரப்பலாம் என்றார்கள். அதை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர், நீங்கள் எதிர்பார்க்காத ஆள்: கடைகளில் பில் போடும் மெஷின் செய்யும் என்.சி.ஆர். நிறுவனம். பெரிய கடைகளில் அலமாரிகளை இடம் மாற்றும்போதெல்லாம் பில் மெஷினுக்கான கேபிளையும் பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. அந்தத் தலைவலிக்கு மருந்து தேடி, நெதர்லாந்தில் இருந்த அதன் பொறியாளர்கள் வேவ்லேன் என்ற கம்பியில்லாக் கருவியைச் செய்தார்கள். ஒரே கம்பெனி செய்தால் ஊருக்கே உதவாது என்பதால் பொது விதிமுறை வேண்டும் என்று கிளம்பி, 1990-ல் ஐ.இ.இ.இ. அமைப்பில் 802.11 என்ற குழு உருவானது. பத்து வருடம் அதற்குத் தலைமை தாங்கிய விக் ஹேய்ஸ் அதே நெதர்லாந்து அலுவலகத்துக்காரர். 1997-ல் முதல் விதிமுறை வந்தது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட்.

இந்த இடத்தில் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு பற்றிச் சொல்லியாக வேண்டும். "வைஃபையைக் கண்டுபிடித்தவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார்" என்று அடிக்கடி வருகிறது. அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942-ல் அலைவரிசை தாவும் முறைக்குக் காப்புரிமை பெற்றது உண்மை. கடலடியில் போகும் டார்பிடோக்களை எதிரி குழப்பாமல் இருக்க அந்த யோசனை. 1997 விதிமுறையில் தாவும் முறையும் ஒரு வகையாக இருந்தது. ஆனால் பிறகு பரவலான வைஃபை வேறு முறையில் வளர்ந்தது. அந்த அம்மையாரின் அறிவு பெரியது, சந்தேகமில்லை. வைஃபைக்கு மட்டும் ஒற்றைத் தாயும் கிடையாது, ஒற்றைத் தகப்பனும் கிடையாது.

ஆஸ்திரேலியாவுக்கும் இதில் பங்கு உண்டு, அதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தின் ஜான் ஓ'சல்லிவன் ரேடியோ வானியலாளர். 1970-களில் வெடித்துச் சிதறும் குட்டிக் கருந்துளைகளின் சமிக்ஞையைத் தேடினார், கிடைக்கவில்லை. ஆனால் மங்கிக் குழம்பிய சமிக்ஞையைத் தெளிவாக்கும் கணக்கு கைக்கு வந்தது. அறைக்குள் ரேடியோ அலை செய்வதும் அதே குழப்பம்தான். சுவர், பீரோ, கண்ணாடி என்று முட்டித் திரும்பி, ஒரே செய்தி பல எதிரொலிகளாக வந்து சேர்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் வழிக்கு அவரது குழு 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. பிறகு பெரிய பெரிய கம்பெனிகளோடு வழக்காடி, 2012-க்குள் 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வாங்கினார்கள். வேறு குழுக்களும் இதே திசையில் உழைத்தவர்கள்தான் என்று வாதிடுபவர்கள் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது.

எதிரொலியை ரவுட்டர் சமாளிக்கும், கான்கிரீட்டைச் சமாளிக்காது. நம் வீடுகளில் ஃபைபர்காரர் வாசல் கதவருகே மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். அங்கிருந்து கடைசிப் படுக்கையறைக்கு மூன்று சுவர். வயரை இன்னும் சில மீட்டர் இழுத்து, ஹாலின் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். செருப்பு அலமாரிக்குள்ளும் டிவிக்குப் பின்னாலும் வேண்டாம். புது ரவுட்டர் வாங்கும் செலவில் பாதி இதிலேயே மிச்சம்.

1999-ல்தான் இது வீட்டுக்குள் வந்தது. 11 மெகாபிட் வேகத்துக்கு 802.11பி விதிமுறை வந்த வருடம் அது. ஜூலையில் நியூயார்க்கில் ஸ்டீவ் ஜாப்ஸ் புது ஐபுக் மடிக்கணினியை ஒரு வளையத்துக்குள் நுழைத்துக் காட்டி, கம்பி எதுவும் இல்லை என்று நிரூபித்தார். ஆப்பிளின் ஏர்போர்ட் நிலையம் 299 டாலர், மடிக்கணினிக்குள் செருகும் அட்டை 99 டாலர். உள்ளே இருந்தது பழைய வேவ்லேன் பரம்பரைதான். அதே வருடம் கம்பெனிகள் கூடி ஒரு விளம்பர நிறுவனத்திடம் பெயர் கேட்டு வாங்கின. 'ஹைஃபை' சாயலில் 'வைஃபை' என்று வைத்தார்கள், அதற்கு விரிவாக்கம் எதுவும் கிடையாது. தமிழில் 'அருகலை' என்கிறோமே, அது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

அமைப்புப் பக்கத்தைத் திறக்க 192.168.1.1 என்று தட்டுகிறீர்களே, அதற்கும் ஒரு காரணம் உண்டு. இணையத்தில் முகவரி எண்கள் தீர்ந்துபோகும் என்ற கவலையில், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ளே மட்டும் புழங்க 1996-ல் சில எண்களை ஒதுக்கினார்கள். எல்லா அபார்ட்மென்ட்டிலும் 101 என்று ஒரு வீடு இருப்பது போலத்தான். வெளியிலிருந்து வரும் கூரியருக்குக் கட்டட முகவரி போதும். எந்த வீட்டுக்கு என்று பிரித்துக் கொடுப்பது கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி வேலை. ரவுட்டர் அந்த செக்யூரிட்டி.

செக்யூரிட்டி தூங்கினால் என்ன ஆகும்? ஆரம்பத்தில் வந்த பூட்டின் பெயர் வெப். 2001-லேயே அதன் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆராய்ச்சியாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டினார்கள். பலர் அந்தப் பூட்டைக்கூடப் போடவில்லை. 2008 ஜூலை 26 ஆமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்கள் முன்பு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. போலீஸ் தடம் பிடித்துப் போய் நின்ற இடம் நவி மும்பையில் ஓர் அடுக்குமாடி வீடு. அங்கே குடியிருந்தவருக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அவருடைய வைஃபை திறந்து கிடந்தது, யாரோ அதில் புகுந்து அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியிருந்தது அவர்தான். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லி இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது.

அதனால் பாஸ்வேர்டு விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். பாதுகாப்புப் பகுதியில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அது, இல்லையென்றால் டபிள்யூ.பி.ஏ.2. ரவுட்டரின் உள்ளே நுழையும் 'அட்மின்' பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் மாற்றுங்கள், வீட்டு எண்ணும் போன் எண்ணும் வேண்டாம். டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் பிடித்துவிடலாம் என்று 2011-லேயே தெரிந்துவிட்டது. விருந்தினருக்கு 'கெஸ்ட்' இணைப்பைத் தனியே கொடுங்கள். வாங்கும்போது ஆன்டெனா எத்தனை என்று எண்ணாமல், மென்பொருள் அப்டேட் எத்தனை வருடம் தருவார்கள் என்று கேளுங்கள்.

இப்போது நம் ஊர் விதிக்கு வருவோம். 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை உரிமம் தேவையில்லை என்று அறிவித்தது. கூடவே ஒரு நிபந்தனை: யாருக்கும் இடையூறு செய்யக் கூடாது, மற்றவர் இடையூறிலிருந்து பாதுகாப்பும் கேட்க முடியாது, பகிர்ந்துதான் பயன்படுத்த வேண்டும். பக்கத்து வீட்டு வைஃபை தொந்தரவு என்று நீங்கள் எங்கேயும் புகார் கொடுக்க முடியாது என்பதுதான் இதன் பொருள். நம் சங்கத்துக்கும் அதில் அதிகாரம் இல்லை. காரிடாரைப் போல இதுவும் பொது இடம், சொந்த பார்க்கிங் கிடையாது. அந்தப் பொது இடம் 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதில் 13 சேனல்கள் இருந்தாலும், ஒன்றையொன்று உரசாமல் நிற்பவை 1, 6, 11 ஆகிய மூன்றே. 5 கிகாஹெர்ட்ஸில் 2018 அக்டோபரில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் திறந்துவிட்டார்கள். ஏழு மடங்குக்கு மேல். அந்த அலை சுவரைத் தாண்டத் திணறும் என்பதை எல்லாரும் குறையாகச் சொல்கிறார்கள். அடுக்குமாடியில் அது வரப்பிரசாதம், உங்கள் அலை உங்கள் வீட்டோடு நிற்கும்.

ஆகவே இரண்டு பேண்டும் உள்ள வைஃபை 6 ரவுட்டர் ஒரு சாதாரண இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் போதும். மூன்று படுக்கையறை என்றால், ராட்சத ரவுட்டர் ஒன்றைவிட, உள்ளே கேபிள் இழுத்து இரண்டு சிறியவை வைப்பது நல்லது. டிவி, லேப்டாப், போன் எல்லாவற்றையும் 5 கிகாஹெர்ட்ஸில் சேருங்கள். ஒரே இடத்தில் இருக்கும் டிவிக்குக் கேபிளே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. 2.4-ஐ கேமரா, ஸ்மார்ட் பல்பு, கடைசி அறை போன்றவற்றுக்கு விடுங்கள். அதன் அகலத்தை 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். 40-ல் வைத்தால் அந்தச் சின்ன இடத்தில் பாதியை ஒருவரே அடைத்துக்கொள்கிறார்.

சேனல் விஷயத்தை மட்டும் ஒருவர் தனியாகச் செய்து பயனில்லை. உங்கள் மாடியில் உள்ள நாலு வீட்டுக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பேசி, ஆளுக்கு ஒன்றாக 1, 6, 11 என்று பிரித்துக்கொள்ளுங்கள். இடையில் இருக்கும் 3, 4, 8 பக்கம் போக வேண்டாம். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்களுக்கு ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியும், முறை வைத்துப் பேசும். பாதி உரசும் சேனலில் இருந்தால் அது வெறும் இரைச்சல், இரண்டு வீட்டுக்கும் நஷ்டம். நாலாவது வீடு, தன்னிடமிருந்து தள்ளி லிஃப்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டின் எண்ணையே வைத்துக்கொள்ளட்டும்.