அண்ணன் ஒரு கட்சி, தங்கை ஒரு கட்சி

1998ஆம் ஆண்டு வாக்கில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்திருந்த சமயம். அதையொட்டி கொரியாக்காரர்கள் நிறையப் பேர் அந்தப் பக்கம் வந்து இறங்கினார்கள். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு இன்ஜினியர் வந்தார். எடுத்ததற்கெல்லாம் "பல்லி, பல்லி" என்பார். முதல் நாள் எங்கள் ஆட்கள் சுவரை அண்ணாந்து பார்த்தார்கள். அவர்கள் மொழியில் "சீக்கிரம், சீக்கிரம்" என்று அர்த்தமாம். அப்பாவை அவர்களும் "அப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தபோது அந்த மனிதர் எங்களுக்கு இன்னும் நெருங்கிப் போனார்.

இரண்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். தொடர்பு மட்டும் விட்டுப் போகவில்லை. பொங்கலுக்கும் அவர்கள் புத்தாண்டுக்கும் வீடியோவில் பேசிக்கொள்வோம். 2022 மார்ச் மாதம் அவராகவே கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது. ஜனாதிபதித் தேர்தலில் மகன் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் ஓட்டுப் போட்டார்களாம். மூன்று நாளாக அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

"இதற்கா கவலைப்படுகிறீர்கள்? எங்கள் ஊரில் ஒரே வீட்டில் மூன்று கட்சி இருக்கும். சத்தம் போடுவார்கள், சாப்பாடு வந்ததும் அடங்கிவிடும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "இது கட்சிச் சண்டை இல்லை. நீ பெண், அதனால் எதிரி என்று அவன் நினைக்கிறான். நீ ஆண், அதனால் எதிரி என்று அவள் நினைக்கிறாள்" என்றார்.

அந்தப் பேச்சு மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன குறை? கொரியாவின் சமீப கால வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தேர்தல் கணக்கு. வென்றவர் பழமைவாதக் கட்சியின் யூன் சுக் யோல். தோற்றவர் லீ ஜே மியுங். வித்தியாசம் 2,47,077 ஓட்டு, அதாவது 0.73 சதவீதம். தொலைக்காட்சி நிறுவனங்கள் சேர்ந்து எடுத்த எக்ஸிட் போலில், இருபதுகளில் இருக்கும் ஆண்களில் 58.7 சதவீதம் யூனுக்குப் போட்டிருந்தார்கள். அதே வயதுப் பெண்களில் 58 சதவீதம் லீக்கு. ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், ஒரே வீடு. ஓட்டு மட்டும் நேர் எதிர்.

இளைஞர்கள் எல்லாம் போனைப் பார்த்துக் கெட்டுப் போகிறார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கதை போன் வருவதற்கு முன்பே தொடங்குகிறது.

கொரியாவில் உடல் தகுதி உள்ள ஆண்கள் எல்லோரும் கட்டாயம் இராணுவத்தில் சேவை செய்ய வேண்டும். வடகொரியாவுடன் போர் இன்னும் முறைப்படி முடியவில்லை, போர்நிறுத்தம் மட்டும்தான். 1990களில் தரைப்படைச் சேவை 26 மாதம், இப்போது 18 மாதம். பெண்களுக்குக் கட்டாயம் இல்லை. இதற்கு ஈடாக 1961 முதல் ஒரு சலுகை இருந்தது. சேவை முடித்தவர்களுக்கு அரசுத் தேர்வில் 3 முதல் 5 சதவீதம் வரை கூடுதல் மதிப்பெண். புள்ளிக் கணக்கில் வேலை கை நழுவுகிற தேர்வில் 5 சதவீதம் என்றால் எவ்வளவு என்று, போட்டித் தேர்வு எழுதிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இஹ்வா மகளிர் பல்கலைக்கழக மாணவிகள் சிலரும், ஒரு மாற்றுத்திறனாளி மாணவரும் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1999 டிசம்பர் 23 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சலுகையை ரத்து செய்தது. தீர்ப்பின் சாரம் முக்கியமானது. படைவீரர்களுக்கு உதவக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அரசு தன் பணத்தில் ஒரு காசு ஒதுக்காமல், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் தலையில் சுமையை ஏற்றி உதவி செய்கிறது, அது தவறு என்றுதான் சொன்னது.

தீர்ப்பு வந்த நேரம்தான் பொல்லாத நேரம். 1997 கடைசியில் கொரியப் பொருளாதாரம் விழுந்து, ஐ.எம்.எஃப்.பிடம் கடன் வாங்கும் நிலைக்கு வந்திருந்தது. பெரிய பெரிய கம்பெனிகள் மூடின. ஆயுள் முழுக்க வேலை என்ற நம்பிக்கை போயிற்று. அரசு வேலை ஒன்றுதான் கரை என்று பையன்கள் நீந்திக்கொண்டிருந்தபோது சலுகை பறிபோனது. இஹ்வாவின் இணையதளத்தில் வசவுகள் குவிந்தன.

அன்றைக்கு அரசு என்ன செய்திருக்க வேண்டும்? நீதிமன்றம் காட்டிய வழியில், இரண்டு வருடம் கொடுத்த பையனுக்கு நியாயமான சம்பளம் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. 2017இல் கூட ஒரு சார்ஜண்டின் மாதச் சம்பளம் 2,16,000 வோன். அந்த ஆண்டு குறைந்தபட்சக் கூலியின்படி ஒரு தொழிலாளி வாங்கியதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. 2018 முதல்தான் அது வேகமாக ஏறி, 2025இல் 15,00,000 வோன் ஆனது. நடுவில் போனது ஒரு தலைமுறை. எங்கள் மதிப்பெண்ணைப் பெண்கள் பறித்துவிட்டார்கள் என்ற கோபம் அந்தத் தலைமுறைக்குள் வேர் விட்டுவிட்டது.

பெண்கள் பக்கக் கதையையும் பாருங்கள். ஹோஜு என்று ஒரு குடும்பப் பதிவு முறை இருந்தது. குடும்பத் தலைவர் பொறுப்பில் ஆணுக்குத்தான் முன்னுரிமை. கணவன் இறந்தால் கைக்குழந்தையான மகன் தலைவன் ஆவான், தாய் ஆக முடியாது. 2008இல்தான் அது முழுதாக ஒழிந்தது. ஸ்கேன் பார்த்துப் பெண் கருவைக் கலைக்கும் கொடுமை அங்கேயும் இருந்தது. 1990இல் 100 பெண் குழந்தைகளுக்கு 116.5 ஆண் குழந்தைகள் பிறந்தன. அந்தச் சல்லடையைத் தாண்டிப் பிறந்த பெண்கள் படித்தார்கள். 2009 முதல் கல்லூரிக்குப் போவதில் பையன்களை முந்தினார்கள். ஆனால் சம்பளம்? ஆண் 100 வோன் வாங்கும் இடத்தில் பெண்ணுக்கு 70 வோன் அளவில்தான். ஓஇசிடி நாடுகளிலேயே பெரிய இடைவெளி இதுதான்.

2016 மே 17 அன்று சியோலில் கங்னம் ரயில் நிலையத்தருகே ஒரு கழிப்பறையில் 23 வயதுப் பெண்ணை முன்பின் அறியாத ஒருவன் குத்திக் கொன்றான். பெண்கள் தன்னை மதிக்கவில்லை என்று காரணம் சொன்னான். மனநோய் என்றது போலீஸ். நிலையத்தின் வாசலில் பெண்கள் ஆயிரக்கணக்கில் துண்டுச் சீட்டுகளை ஒட்டிவிட்டுப் போனார்கள். 2018இல் ரகசியக் கேமராக்களுக்கு எதிராகப் பல்லாயிரம் பெண்கள் தெருவில் இறங்கினார்கள்.

ஆக, இரண்டு பக்கமும் காயம் உண்மைதான். இந்த இடத்தில்தான் அரசியல்வாதிகள் வந்தார்கள். 2021 ஏப்ரலில் சியோல் மேயர் இடைத்தேர்தல். இருபதுகளின் ஆண்களில் 72.5 சதவீதம் பழமைவாத வேட்பாளருக்கு விழுந்ததாக எக்ஸிட் போல் சொன்னது. அந்தக் கட்சி உடனே கணக்குப் போட்டது. இரண்டே மாதத்தில், இளைஞர்களின் கோபத்தைப் பேசி வந்த 36 வயது லீ ஜுன் சோக் கட்சித் தலைவர் ஆனார். 2022 ஜனவரியில் யூன் ஃபேஸ்புக்கில் ஒரே ஒரு வரி போட்டார். கொரிய எழுத்தில் ஏழே ஏழு எழுத்து. பெண்கள் மற்றும் குடும்ப அமைச்சகத்தை ஒழிப்போம் என்று பொருள். விளக்கமே கிடையாது. அது நடக்கவும் இல்லை, ஏனென்றால் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்குத்தான் பெரும்பான்மை. ஆனால் ஓட்டு வந்துவிட்டது.

எதிர்த்தரப்பும் யோக்கியம் இல்லை. பெண்ணுரிமை பேசிய அந்தக் கட்சியின் சியோல் மேயர் மீதே பாலியல் புகார் வந்து, அவர் 2020இல் தற்கொலை செய்துகொண்டதால்தான் அந்த இடைத்தேர்தலே வந்தது.

பிறகு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2024 டிசம்பர் 3 இரவு யூன் இராணுவச் சட்டம் அறிவித்தார். சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் அதை முறியடித்தது. அவரை நீக்கக் கோரிய கூட்டங்களில், பாட்டுக் கச்சேரிக்குக் கொண்டு போகும் வண்ண விளக்குக் குச்சிகளோடு கடுங்குளிரில் நின்றவர்களில் இளம் பெண்களே அதிகம் தென்பட்டார்கள். 2025 ஜனவரியில் யூனின் ஆதரவாளர்கள் சியோலில் ஒரு நீதிமன்றத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியபோது, கைதானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இருபது, முப்பது வயதுக்காரர்கள். ஜூன் தேர்தலில் லீ ஜே மியுங் வென்றார். இருபதுகளின் பெண்களில் 58.1 சதவீதம் அவருக்கு, ஆண்களில் 24 சதவீதம்தான். பிளவு ஆறவில்லை, ஆழமாகியிருக்கிறது.

நாட்டில் குழந்தைப் பிறப்பும் உலகிலேயே கடைசி வரிசைக்கு வந்துவிட்டது. 2023இல் பெண் ஒருவருக்கு 0.72 குழந்தை. வீட்டு விலை, படிப்புச் செலவு, வேலை நேரம் என்று காரணங்கள் பல. ஆனால் ஒருவரையொருவர் நம்பாதவர்கள் எப்படிக் கல்யாணம் செய்துகொள்வார்கள்?

இதையெல்லாம் படித்துவிட்டு நண்பரிடம் பேசினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார். "நான் 30 மாதம் இராணுவத்தில் இருந்தேன். திரும்பி வந்தேன், வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, வீட்டில் என் பேச்சுதான் சட்டம். இராணுவத்துக்குக் கூலி எனக்கு அப்படி வந்து சேர்ந்தது. அந்தக் கூலியைக் கொடுத்தது அரசாங்கம் இல்லை, என் மனைவி என்று இப்போது புரிகிறது. என் மகனுக்கு இராணுவம் மட்டும்தான் கிடைத்தது. என் மகள் என் மனைவி மாதிரி இருக்க மாட்டேன் என்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மகனுடைய கணக்கைத் தீர்க்க வேண்டியது அரசு. மகளுடைய கணக்கையும் தீர்க்க வேண்டியது அரசும் முதலாளிகளும். இருவரும் சேர்ந்து போய்க் கேட்க வேண்டிய கடனை, நீ கொடு, நீ கொடு என்று ஒருவரிடம் ஒருவர் கேட்கும்படி ஆகிவிட்டது. அந்தக் கடனை வைத்துவிட்டுப் போனது எங்கள் வயதுக்காரர்கள்.

"இதை நீங்கள் பிள்ளைகளிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். அடுத்த அறுவடைத் திருநாளுக்கு இருவரையும் வரச் சொல்லியிருக்கிறாராம், அப்போது சொல்லப் போகிறாராம்.

சீக்கிரம் சொல்லுங்கள் என்பதற்கு எனக்கு அவர் மொழியில் ஒரே வார்த்தைதான் தெரியும். "பல்லி, பல்லி" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.