உயிரில் எழுதிய எழுத்து

கல், செம்பு, ஓலை, தாள் ஆகியவை எழுத்தைத் தாங்கிய வரலாற்றை நாம் நன்கறிவோம். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வரிசையில் உயிரணுவும் இடம்பெற்றது. அதனால் எழுத்து, படிப்போன் என்னும் கருத்துகளுக்கு நேர்ந்த மாற்றம் யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

உயிரியலார் எழுத்தை உவமையாகக் கொண்டது இதற்கு முன்னரே நிகழ்ந்ததாகும். 1943-இல் டப்ளினில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இயற்பியலறிஞர் ஷ்ரோடிங்கர், உயிரின் வளர்ச்சித் திட்டம் ஒருவகைக் குறியெழுத்தாக உயிரணுவில் அடங்கியுள்ளது எனக் கருதினார். 1953-இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச்சுருள் அமைப்பை வெளியிட்டனர். 1961-இல் நிரன்பர்க்கும் மத்தேயியும் அக்குறியெழுத்தின் முதற்சொல்லைப் படித்தறிந்தனர். அடினின், குவானின், சைட்டோசின், தைமின் என்னும் நான்கு மூலங்களே அதன் எழுத்துகளாம்.

படிக்கக் கற்றவர் பின்னர் எழுதவும் முற்பட்டனர். 1980-களில் அமெரிக்கக் கலைஞர் ஜோ டேவிஸ், மரபியலறிஞர் டேனா பாய்டின் துணையுடன் 'மைக்ரோவீனஸ்' என்னும் படைப்பை உருவாக்கினார். ஐந்துக்கு ஏழு என்னும் கட்டத்தில் அமைந்த சிறிய பெண்மைச் சின்னம் ஒன்று, இருபத்தெட்டு மூலங்கள் கொண்ட டி.என்.ஏ.வாக மாற்றப்பெற்றுப் பாக்டீரியாவினுள் செலுத்தப்பட்டது. அவற்றுள் பத்து மூலங்கள் படிக்கும் முறையை உணர்த்தும் திறவுகோலாக அமைந்தவை. திறவுகோலின்றி எழுத்து இல்லை என்பதை டேவிஸ் உணர்ந்திருந்தார்.

இவ்வரலாற்றின் அடுத்த படியாக அமைந்தது, பிரேசிலில் பிறந்த எதுவார்தோ காட்ஸ் 1999-இல் ஆஸ்திரிய நாட்டு லின்ஸ் நகரில் காட்சிக்கு வைத்த 'ஜெனிசிஸ்' ஆகும். கடல்மீன், வானத்துப் பறவை, நிலத்தில் இயங்கும் உயிர் ஆகிய அனைத்தின்மீதும் மனிதனுக்கு ஆட்சியளிக்கும் விவிலியத் தொடரை அவர் தேர்ந்தார். எபிரேயத்தினின்று ஆங்கிலத்திற்கு வந்த அத்தொடரை மோர்ஸ் குறிகளாக மாற்றினார். பின்னர்க் கோட்டைத் தைமினாகவும், புள்ளியைச் சைட்டோசினாகவும், சொல்லிடைவெளியை அடினினாகவும், எழுத்திடைவெளியைக் குவானினாகவும் பெயர்த்தார். இவ்வாறு அமைந்த செயற்கை மரபணு பாக்டீரியாவில் இடப்பெற்றது.

கண்காட்சியில் ஒளிப்படக்கருவி அப்பாக்டீரியாவைப் பெரிதாக்கிச் சுவரில் காட்டியது. இணையத்தின்வழி எந்நாட்டினரும் தம் கணினியிலிருந்து புற ஊதா விளக்கை ஏற்றலாம். அவ்வொளி மரபணுவில் மாற்றம் விளைக்கும். கண்காட்சிக்குப்பின் அம்மரபணுவை மீண்டும் ஆங்கிலமாகப் பெயர்த்தபோது சில சொற்கள் சிதைந்திருந்தன. மனிதனைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தே மாறிப்போயிற்று.

ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் நாம் இத்தகைய மாற்றத்தைப் பிழை என்போம். மூலபாடத்தைத் தேடி அதனை நீக்குவோம். காட்ஸின் படைப்பிலோ பாடவேறுபாடே நோக்கமாகும். பெற்ற தொடரை அவ்வாறே ஏற்க மறுப்பதன் அடையாளமாக அவர் அதனைக் கொண்டார்.

ஆயினும் இங்கு ஒரு முரண் உள்ளது. ஆட்சியை மறுக்க விளக்கை ஏற்றுபவர் அச்செயலாலேயே ஒரு சிற்றுயிரின்மீது ஆட்சி செலுத்துகின்றார். ஏற்றாது விடுபவரோ ஆட்சித்தொடரை நிலைக்க விடுகின்றார். மேலும், மாற்றலாமா என்பதே படிப்போர் தீர்மானிக்கத்தக்கது; எவ்வெழுத்து மாறவேண்டும் என்பது அவர் கையில் இல்லை. எனவே அவரை இணையாசிரியர் எனல் பொருந்தாது. விளைவை அறியாமலே ஆற்றல் பெற்றவர் என்பதே பொருந்தும்.

பாக்டீரியாவுக்கு அத்தொடரின் பொருள் தெரியாது, ஆதலின் இது வெறும் வித்தை என்பார் உளர். ஓலைக்கும் தான் தாங்கிய பாட்டின் பொருள் தெரியாது. ஆனால், ஓலை உயிர் நீங்கிய பின்னரே எழுத்தை ஏற்றது. பாக்டீரியாவோ வாழ்ந்துகொண்டே ஏற்கின்றது. பெருகுந்தோறும் அதனைத் தானே படியெடுக்கின்றது. ஆகவே இங்குப் பாடத்தைத் திருத்துவது ஓர் உயிரைத் திருத்துவதாகும். இவ்வேறுபாட்டை எண்ணாமல் இக்கலையைப் புகழ்தலும் இகழ்தலும் ஆய்வாகா என்பது நம் துணிபு.