அரளிப் புழுவும் ஆர்சனிக்கும்

திருவொற்றியூரில் எங்க வாசல் அரளியை ஆடுகூடத் தொடாது, அவ்வளவு விஷம். ஆனா போன மழைக்குப் பிறகு பார்த்தா இலையெல்லாம் ஓட்டை. முதுகில் கறுப்புக் கொம்பு வச்ச, வரிவரியான புழுக்கள். பக்கத்து வீட்டு அக்கா, "மருந்து அடிச்சிடுப்பா"ன்னாங்க.

அந்த 'மருந்து'க்கு ஒரு வரலாறு உண்டு. 1892-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மரங்களை மொட்டையடித்த புழுக்களைக் கொல்ல ஈய ஆர்சனேட்டைக் கண்டுபிடித்தார்கள். 1940-களில் டி.டி.டி. வரும்வரை அதன் ராஜ்ஜியம்தான். புழு அன்றே செத்தது. ஈயமும் ஆர்சனிக்கும் பழைய ஆப்பிள் தோட்டங்களின் மண்ணில் இன்னும் கிடக்கின்றன.

வேறொரு வழி ஜப்பானில் தொடங்கியது. 1901-ல் இஷிவாத்தா, பட்டுப்புழுக்களைக் கொன்ற ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 1911-ல் ஜெர்மனியின் பெர்லினர் அதையே மாவு அந்துப்பூச்சிப் புழுவில் மறுபடி கண்டார். இன்றைய பி.டி. தெளிப்பு அதிலிருந்து வந்ததுதான். மனுஷருக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனா தெளித்த இலையைத் தின்கிற பட்டாம்பூச்சிப் புழுக்களுக்கும் அது ஆபத்துதான்.

எங்க செடியில் இருந்ததும் பட்டாம்பூச்சிப் புழுதான். அரளி விஷத்தைத் தின்றே வளருவதால் பறவைகள் அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். அப்போ எண்ணிக்கையைக் குறைக்க நம்ம கையும் உதவலாம்.

எண்ணூர், மணலி ஆலைகளுக்கு நடுவே இருக்கிற நம்ம மண்ணுக்கு இன்னொரு விஷம் வேணுமா? கையுறை போட்டுப் பாதியைப் பொறுக்கினேன், மீதியை விட்டேன். அரளிப்பால் ஆகாது, கையை நல்லா கழுவணும். செடி மறுபடி துளிர்த்துடுச்சு. ஒரு கிளையடியில் தங்கமுலாம் பூசினாப்போல ஒரு கூட்டுப்புழு தொங்குது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.