ஐப்பசிக் கவலை

தீபாவளி நெருங்கும்போது மற்றவர்களுக்குத் துணிமணி, பட்டாசுக் கவலை. எனக்கும் எங்கள் டீக்கடை பெஞ்சு நண்பர்களுக்கும் ஐம்பது வருடமாக வேறு ஒரு கவலை உண்டு. இந்த வருடம் ரஞ்சிக் கோப்பையில் நம் அணி என்ன செய்யப் போகிறது? தொடக்க ஆட்டக்காரர் யார்? வேகப்பந்துக்கு ஆள் இருக்கிறதா? நல்ல பையன்களை இந்திய அணிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் மிச்சம் யார்?

"ரஞ்சியை இப்போது யாருங்க பார்க்கிறார்கள்?" என்று என் மகனே கேட்கிறான். பார்ப்பவர்கள் குறைவுதான். ஆனால் கவலைப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போன வாரம் ராமநாயக்கன் ஏரிக்கரையில் நடைப்பயிற்சியின்போது இதே பேச்சு வந்தது. அதனால் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் ஊர் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். ஓசூரிலிருந்து சென்னை சேப்பாக்கம் சுமார் 300 கிலோமீட்டர். பெங்களூர் சின்னசாமி மைதானம் 40 கிலோமீட்டர்தான். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். வானொலியில் சென்னையை விட பெங்களூர்தான் தெளிவாகக் கேட்கும். காலையில் முதலில் வந்து சேரும் ஆங்கிலப் பத்திரிகையும் பெங்களூர்ப் பதிப்புதான். ஆகவே நம் அணியைப் பற்றிய செய்தியைக்கூட எதிரணியின் பத்திரிகையில் படித்துக் கவலைப்பட்டவர்கள் நாங்கள்.

இந்தப் போட்டி எவ்வளவு பழையது என்பது பலருக்குத் தெரியாது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே இந்த இரண்டு அணிகளுக்கும் நடந்ததுதான். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். சென்னையும் மைசூரும். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன், எதிர்கொண்டவர் கர்டிஸ். மைசூர் 48 ரன்னில் சுருண்டது. சென்னை 130. மறுபடி மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்து போயிற்று. இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வெற்றி. ஏ.ஜி. ராம்சிங் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். அவருக்குக் கடைசிவரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடக் கிடைக்கவில்லை.

அப்படித் தொடங்கிய அணிக்குக் கோப்பை கிடைக்க 20 வருடம் ஆயிற்று. 1954-55இல் பாலு அழகன்னன் தலைமையில் சென்னை அணி இந்தூருக்குப் போய், ஹோல்கர் அணியை இறுதி ஆட்டத்தில் 46 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த வருடம் அணியைத் தாங்கியவர்களில் முக்கியமானவர் ராம்சிங்கின் மகன் கிருபால் சிங். அப்பா தொடங்கிவைத்ததை மகன் முடித்துவைத்தார் என்று என் மாமா சொல்லுவார். மாமாவுக்கு அந்த 1954-55தான் வாழ்நாள் முழுக்கப் பேச்சு.

எனக்கு நினைவு தெரிந்த முதல் கவலை 1972-73. நான் அப்போது காவேரிப்பட்டணத்தில் பள்ளி மாணவன். இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில், எதிரே பம்பாய். பம்பாய் அதற்கு முன் தொடர்ந்து 14 வருடம் கோப்பையை விடாமல் வைத்திருந்தது. நம் பக்கம் வெங்கட்ராகவன் கேப்டன், ஆடுகளமும் சுழலுக்குத் தோதானது. இந்த முறை விடமாட்டோம் என்று ஊரே நம்பியது. பம்பாய் 151 ரன்னுக்கு ஆட்டமிழந்ததும் மாமா மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தார். நாம் 80. மறுபடி பம்பாய் 113. நாம் 61. மூன்றாம் நாள் ஆட்டம் தொடங்கிய உடனே எல்லாம் முடிந்தது. பத்மாகர் சிவல்கர் என்ற இடதுகை சுழல்காரர் 16 ரன்னுக்கு 8, பிறகு 18 ரன்னுக்கு 5. நமக்கென்று போட்ட ஆடுகளம் அவருக்குப் பயன்பட்டது. மாமா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அடுத்த வருடம் நடந்ததுதான் எங்களுக்கு இன்னும் வயிற்றெரிச்சல். 1973 நவம்பர் 1ஆம் தேதி மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறியது. அதே பருவத்தில் பிரசன்னா தலைமையிலான அணி பெங்களூரில் நடந்த அரையிறுதியில் பம்பாயை வீழ்த்தி, 15 வருடக் கோட்டையை உடைத்தது. ஜெய்ப்பூரில் ராஜஸ்தானை வென்று முதல் கோப்பையும் வாங்கியது. பம்பாயை இறக்கியது தெற்கத்தி அணிதான், ஆனால் நம்முடையது இல்லை.

1981இல் எனக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்தது. பக்கத்து மெஷினில் ஒரு கன்னடக்காரர். பெங்களூர் சாம்ராஜ்பேட்டையிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருவார். என்னை விட நாலைந்து வயது பெரியவர். பெயர் வேண்டாம், நண்பர் என்றே சொல்கிறேன். முதல் வாரத்திலேயே, "என்ன ஸ்வாமி, இந்த வருஷம் உங்க டீமுக்கு ஓப்பனிங் யாரு?" என்று கேட்டார். அன்று தொடங்கிய பேச்சு 33 வருடம் ஓடியது.

அந்தக் காலத்தில் ரஞ்சி மண்டல வாரியாக நடந்தது. தென் மண்டலத்தில் நாம், கர்நாடகம், ஹைதராபாத், ஆந்திரம், கேரளம், பின்னால் கோவா. மண்டலத்துக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆடுவார்கள். அதனால் தமிழ்நாடு-கர்நாடகம் ஆட்டம் வருடம் தவறாமல் உண்டு. முதல் இன்னிங்ஸில் முன்னிலை வாங்கினால் புள்ளி. ஆட்டம் டிரா ஆனாலும் அந்த முன்னிலைதான் தலையெழுத்து. அதனால் கவலை முழுவதும் ஒரு கணக்காக இருக்கும். கேரளத்திடம் இத்தனை, கோவாவிடம் இத்தனை, ஹைதராபாத்திடம் தோற்காமல் இருந்தால் போதும், கர்நாடகத்திடம் முன்னிலை. டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் இந்தக் கணக்கைப் போடுவோம். அவர் கணக்கில் எங்கள் அணி தேறாது, என் கணக்கில் அவர்கள் அணி தேறாது.

1987-88 பருவம் தொடங்கும் முன் எனக்கு நம்பிக்கையே இல்லை. வெங்கட்ராகவன் ஓய்வு பெற்றாயிற்று. ஸ்ரீகாந்த் உலகக் கோப்பைக்குப் போய்விட்டார். அந்த உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில், ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றோம். சகுனமே சரியில்லை என்று நினைத்தேன். முந்தைய வருடம் கோப்பை ஹைதராபாத்துக்குப் போயிருந்தது. "இந்த வருஷமும் நீங்க டிபன் மட்டும் சாப்பிடுங்க" என்றார் நண்பர்.

ஆனால் எஸ். வாசுதேவன் தலைமையில் அந்த அணிதான் 33 வருடத்துக்குப் பிறகு கோப்பையைக் கொண்டுவந்தது. இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில், ரயில்வே அணியை இன்னிங்ஸ் மற்றும் 144 ரன்னில் வென்றோம். மறுநாள் நண்பரே ஒரு பொட்டலம் மைசூர்பாகு கொண்டுவந்து என் மெஷின் மேல் வைத்தார். "எங்க ஊர் ஸ்வீட், உங்க கப்" என்றார்.

அதற்கு அடுத்த வருடம் கவலையே இல்லாமல் தொடங்கினேன். கோவாவுக்கு எதிராக நம் அணி 6 விக்கெட்டுக்கு 912 ரன் எடுத்தது. ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதம், டபிள்யூ.வி. ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் 302. இந்த அர்ஜன், முதல் ஆட்டத்தில் 11 விக்கெட் எடுத்த ராம்சிங்கின் பேரன். மூன்று தலைமுறை! ராமன் அந்தப் பருவத்தில் மட்டும் 1018 ரன் எடுத்து ரூசி மோடியின் பழைய சாதனையை முறியடித்தார். அவ்வளவு செய்தும் கோப்பை டில்லிக்குப் போயிற்று. பயந்த வருடம் ஜெயித்தோம், பயப்படாத வருடம் கோட்டைவிட்டோம். அன்றிலிருந்து நான் தவறாமல் பயப்படுகிறேன்.

இப்போது சொல்லப்போவது கிரிக்கெட் இல்லை. ஆனால் இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்.

1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. தமிழ்நாட்டுக்கு வருடம் 205 டி.எம்.சி. டிசம்பரில் அது மத்திய அரசிதழில் வந்ததும் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. குழந்தைகளையும் மூட்டை முடிச்சுகளையும் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக எல்லை தாண்டி ஓசூருக்கு வந்தார்கள். அந்தக் காட்சியை நேரில் பார்த்த வாசகர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள்.

பஸ் ஓடவில்லை. நண்பர் பல நாள் வேலைக்கு வரவில்லை. வந்தபோது தலை நிமிராமல் வேலை செய்தார். நானும் பேசவில்லை. என் சொந்தக்காரர் குடும்பம் ஒன்று அங்கிருந்து வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தது. அவர்மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனாலும் பேச வாய் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. மற்றவர்கள் எங்கள் இருவரையும் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள்.

இரண்டு, மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தார். சற்று நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு மெதுவாக, "உங்க டீம் நாக்-அவுட் வருமா, ஸ்வாமி?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. "பேட்டிங்தான் கவலையா இருக்கு" என்றேன். "எங்களுக்கு பௌலிங்" என்றார். அவ்வளவுதான். கலவரத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. அந்தப் பருவத்தில் தமிழ்நாடு இறுதி ஆட்டம் வரை போய் டில்லியிடம் தோற்றது. தோற்றது கூட அன்று பெரிதாகத் தெரியவில்லை.

கிரிக்கெட் அணியைப் பற்றிக் கவலைப்படுவதும் ஒரு கொடுப்பினைதான் என்று அப்போதுதான் புரிந்தது. வீடும் உயிரும் பத்திரமாக இருக்கிறவன்தான் தொடக்க ஆட்டக்காரரைப் பற்றிக் கவலைப்பட முடியும். சண்டை போடவும் ஒரு தெம்பு வேண்டும், எதிரே ஒரு நண்பனும் வேண்டும்.

அதன் பிறகு வந்த தோல்விகளின் பட்டியல் நீளம். 1995-96 இறுதி ஆட்டம் கர்நாடகத்தோடு, நம் சேப்பாக்கத்திலேயே. முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் அவர்கள் கோப்பையைக் கொண்டுபோனார்கள். 2002-03, 2003-04 இரண்டிலும் மும்பையிடம் தோல்வி. 2011-12இல் ராஜஸ்தான். 2014-15இல் வான்கடேயில் மறுபடி கர்நாடகம். நாம் 134 ரன்னுக்குச் சுருண்டோம். கருண் நாயர் ஒருவரே 328 எடுத்தார். இன்னிங்ஸ் மற்றும் 217 ரன் தோல்வி. 1988க்குப் பிறகு ஆறு இறுதி ஆட்டம், ஆறிலும் கோப்பை இல்லை. கர்நாடகம் இதுவரை எட்டு முறை வென்றிருக்கிறது, நாம் இரண்டே முறை.

நான் 2014இல் ஓய்வு பெற்றேன். நண்பர் அதற்குமுன்பே ஓய்வு பெற்று மகனோடு மைசூருக்குப் போய்விட்டார். அதனால் வான்கடே தோல்விக்கு மைசூர்பாகு வரவில்லை, போன் வந்தது. 2019இல் இரண்டு போன் வந்தன. அக்டோபரில் விஜய் ஹசாரே இறுதி ஆட்டத்தில் அபிமன்யு மிதுன் தன் பிறந்த நாளன்று நமக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தார். டிசம்பர் 1ஆம் தேதி சூரத்தில் சையத் முஷ்டாக் அலி இறுதி ஆட்டம், ஒரே ஒரு ரன்னில் தோல்வி. "பாவம் ஸ்வாமி நீங்க" என்று உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

2021 நவம்பர் 22, அதே கோப்பை, அதே இரண்டு அணிகள், டில்லியில். கடைசிப் பந்தில் நமக்கு 5 ரன் வேண்டும். ஷாருக் கான் சிக்சர் அடித்தார். அன்று போன் செய்தது நான். அவர் எடுத்ததும், "தெரியும், தெரியும், சொல்லுங்க" என்று சிரித்தார். குரல் மிகவும் தளர்ந்திருந்தது. எத்தனை தோல்விக்குச் சேர்த்துவைத்த பேச்சு எல்லாம் மறந்துபோய், "உடம்பு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

இருபது ஓவர் கோப்பை வேறு, ரஞ்சி வேறு. அந்த ரஞ்சிக் கோப்பை 1988க்குப் பிறகு இன்னும் வரவில்லை. மாமா 1954-55ஐச் சொல்லிச் சொல்லியே 1988ஐப் பார்த்துவிட்டுப் போனார். நான் 1988ஐச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பேரனுக்குச் சொல்ல எனக்கு இன்னொரு வருடம் வேண்டும்.

இந்த ஐப்பசியிலும் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன். வேகப்பந்துக்கு ஆள் போதாது என்பது என் கருத்து. உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து படிக்கிறவர்களும் தாராளமாக எழுதலாம். நானும் பதில் போடுவேன்.