கடலின் மேல் ஒரு சிவப்பு: ஓவியத்தில் கையொப்பத்தின் இடம்

ஆம்ஸ்டர்டாமின் வான் கோ அருங்காட்சியகத்தில் 1888இல் வரையப்பட்ட கடல் ஓவியம் ஒன்று இருக்கிறது. தென் பிரான்சின் சாந்த் மாரி கடற்கரையிலிருந்து பார்த்த மத்தியதரைக் கடல். கானாங்கெளுத்தி மீனைப் போல நொடிக்கு நொடி நிறம் மாறும் கடல் என்று வான் கோ அதைப் பற்றிக் கடிதத்தில் எழுதினார். பச்சையா ஊதாவா என்று சொல்லி முடிப்பதற்குள் வேறொன்றாகிவிடும். அந்தப் பச்சை நீல அலைகளின் முன்புறத்தில், கண்ணைப் பறிக்கும் சிவப்பில் 'வின்சென்ட்' என்ற பெயர் நிற்கிறது. பச்சைக்கு நடுவே ஒரு சிவப்புச் சுரம் தேவைப்பட்டதால் அப்படி எழுதியதாக அவரே காரணமும் சொல்லியிருக்கிறார்.

ரோமன் லிபியில் ஏழு எழுத்துகள். இவற்றை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பிரபலங்களின் கையொப்பங்களைச் சேகரிப்பவர் இதை வான் கோவின் ஆட்டோகிராஃப் என்பார். அருங்காட்சியகப் பட்டியல் தயாரிப்பவர் ஊடகம், நீள அகலம் எல்லாம் எழுதிவிட்டு, 'கையொப்பம் உள்ளது' என்று தனி வரியில் குறிப்பார். ஓவியம் வேறு, அதன்மேல் இருக்கும் பெயர் வேறு என்பது இருவருக்கும் பொதுவான எண்ணம். பெரும்பாலான ஓவியங்களுக்கு அது பொருந்தும். சிலவற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது என்பது என் வாதம். ஒரு கையொப்பம் ஆட்டோகிராஃபா கலையா என்பதை யாருடைய பெயர், யாருடைய கை என்ற கேள்விகளால் தீர்மானிக்க முடியாது. படத்துக்குள் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும்.

இதைப் பிரித்துப் பார்க்கத் தமிழ்ச் சொற்களே வழிகாட்டுகின்றன. 'கையெழுத்து' என்பதில் கை முன்னே நிற்கிறது. 'ஒப்பம்' என்பதில் ஒப்புதல் முன்னே நிற்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நில விற்பனை, கொடை ஆவணங்களின் முடிவில் சபையாரும் சாட்சிகளும் ஒவ்வொருவராக வந்து, 'இவை என் எழுத்து' என்று சொல்லிச் செல்வார்கள். ஓலையில் எழுதி ஒப்பமிட்டதைக் கல்லில் வெட்டியவர் வேறொருவர். ஆகவே நாம் இன்று சுவரில் படிக்கும் 'என் எழுத்து', சொன்னவரின் எழுத்தே அல்ல. உளி பிடித்தவரின் எழுத்து. ஆனாலும் அது செல்லும் சான்றாகவே கல்லில் நின்றது. ஒப்பத்துக்குச் சொந்தக் கையின் தடம் கட்டாயமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டோகிராஃப் சேகரிப்பவர் தேடுவது கைத்தடத்தை: அந்தக் கை இந்தத் தாளின் மேல் நகர்ந்தது என்ற நிறைவை. ஏலக்கூடம் தேடுவது ஒப்பத்தை. ஓவியருக்கு இவ்விரண்டும் போக மூன்றாவதாக ஒன்று வேண்டியிருக்கலாம். சாந்த் மாரியில் வேண்டியிருந்தது.

கைத்தடம் என்ற அளவுகோல் ஏன் பயன்படாது என்பதை தத்துவவாதி நெல்சன் குட்மன் 1968இல் வெளியிட்ட 'கலையின் மொழிகள்' நூலைக் கொண்டு விளக்கலாம். மூலத்துக்கும் போலிக்குமான வேறுபாடு எந்தக் கலையில் பொருட்படுகிறதோ அதை அவர் 'ஆட்டோகிராஃபிக்' கலை என்றார். ஓவியம் அத்தகையது, இசை அத்தகையதல்ல, ஏனெனில் இசைக்குறிப்பைச் சரியாகப் படியெடுத்தால் அந்தப் படியும் அதே படைப்புதான். இதை ஏற்றால் கித்தானின் ஒவ்வோர் அங்குலமும் ஓவியரின் கைத்தடம்தான். பெயர் எழுதிய மூலையை மட்டும் தனியே எடுத்து ஆட்டோகிராஃப் என்று அழைக்க அங்கே சிறப்புக் காரணம் எதுவும் மிஞ்சுவதில்லை.

பெயரைப் படத்திலிருந்து பிரிக்கும் வழக்கத்துக்குச் சந்தையும் சட்டமும் காரணம். 1512இல் நியூரம்பர்க் நகர மன்றம் ஒரு வெளியூர் வணிகருக்கு ஆணையிட்டது. அவர் விற்ற அச்சுப்படங்களில் சில, ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் புகழ்பெற்ற ஏ.டி. முத்திரையைப் போலியாகத் தாங்கியிருந்தன. முத்திரைகளை நீக்க வேண்டும், மறுத்தால் சரக்கு பறிமுதல் என்றது மன்றம். படத்தைப் பார்த்து வரைந்ததைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. அதன் கண் பெயரின் மேல்தான். உருவம் ஊருக்குப் பொது, முத்திரை ஒருவருக்கே உரியது என்ற இந்தப் பார்வைக்குள்தான் இன்றைய ஏலப்பட்டியலும் இயங்குகிறது.

ஓவியங்களைப் பழுதுபார்க்கும் வல்லுநர்கள் கையொப்பத்தை வேறுவிதமாக அணுகுகிறார்கள். அவர்கள் முறையை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் அது காலத்தைக் கேட்கிறது. எண்ணெய் வண்ணம் முதுமையடையும்போது மேற்பரப்பில் நுண்வெடிப்புகள் ஓடும். வெடிப்பு கையொப்பத்தையும் ஊடறுத்துச் சென்றால் பெயரும் படமும் சேர்ந்து முதுமை அடைந்தவை. எழுத்தின் வண்ணம் வெடிப்புக்குள் வழிந்து இறங்கியிருந்தால், படம் வெடித்த பிறகு யாரோ பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். புற ஊதா ஒளியில் எழுத்து வார்னிஷுக்கு மேலே நிற்பது தெரிந்தாலும் ஐயம் எழும். போலியைப் பிடிக்க உருவான இந்தச் சோதனை நம் கேள்விக்கும் உதவுகிறது. படம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, வாங்க வந்தவருக்காக ஓவியர் தம் கையாலேயே பெயர் எழுதித் தந்தால் அது நேர்மையான ஆட்டோகிராஃப். அந்தப் படம் அவ்வளவு காலமும் அந்தப் பெயரில்லாமல் முழுமையாகவே இருந்தது.

எட்கர் டெகா 1917இல் இறந்தபின் அவர் பட்டறையில் இருந்தவை 1918, 1919 ஆண்டுகளில் பாரிசில் ஏலத்துக்கு வந்தன. அப்போது 'டெகா' என்ற கையொப்ப வடிவ முத்திரை அவற்றில் குத்தப்பட்டது. அது ஆட்டோகிராஃப் அல்ல, கலையும் அல்ல. வெறும் ஒப்பம், அதுவும் இறந்தவர் சார்பில்.

மார்செல் டுஷாம்பின் 'நீரூற்று' இந்த வாதத்துக்குத் திறவுகோல். 1917இல் நியூயார்க்கில் ஒரு சிறுநீர்க்கலத்தை 'ஆர். மட் 1917' என்று வண்ணத்தால் பெயரெழுதிக் கண்காட்சிக்கு அனுப்பினார். அந்த மூலப்பொருள் தொலைந்துவிட்டது. 1964இல் அவர் இசைவோடு படிகள் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்று லண்டனின் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வெளிப்புறத்தில் ஆர். மட் என்ற பெயர் அப்படியே இருக்கிறது. பின்பக்கத்தில் மார்செல் டுஷாம்ப் 1964 என்ற கையொப்பமும் இருக்கிறது. ஒரே பொருளில் இரண்டு பெயர்கள். பின்புறத்தில் இருப்பது, இந்தப் படி என் ஒப்புதலோடு செய்யப்பட்டது என்று சொல்லும் ஆட்டோகிராஃப். முன்புறத்தில் இருப்பது யாருடைய ஒப்பமும் அல்ல, ஏனெனில் அப்படி ஒருவர் இல்லை. ஆனால் அதை அழித்தால் மிஞ்சுவது கடையில் கிடைக்கும் பீங்கான் கலம். பொய்ப்பெயர் கலையாகவும் மெய்ப்பெயர் சான்றாகவும் நிற்கும் இந்தப் பொருளைப் பார்த்த பின்னும், கையொப்பங்கள் எல்லாம் ஒரே வகை என்று எப்படிச் சொல்வது?

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வான் கோவுக்குத் தேவைப்பட்டது சிவப்புதானே. அதே ஓவியத்தில் பாய்மரப் படகுகள் இருக்கின்றன, ஒன்றைச் சிவப்பாக்கியிருந்தால் போதாதா? அப்படியானால் கலையாக வேலை செய்வது நிறம் மட்டும், பெயர் வெறும் சாக்கு. எனக்கு இந்த மறுப்பின் மேல் மரியாதை உண்டு, ஆனால் ஓவியத்தின் முன் அது நிலைக்காது. படகு கடலுக்குள் இருக்கும் பொருள். அதற்குச் சிவப்பு பூசினால் சிவப்பும் அதனுடன் தொலைவுக்குப் போய்விடும். எழுத்து கடலுக்குள் போகாது. கித்தானின் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். அலைகள் உள்வாங்கிச் செல்ல, இந்த ஒன்று மட்டும் பின்வாங்க மறுத்து நம் பக்கம் நிற்கிறது. கண் ஆழத்துக்கும் பரப்புக்கும் இடையே மாறி மாறிப் போய்வருகிறது. எழுத்து எழுத்தாக இருப்பதால்தான் இது நிகழ்கிறது. தம் குலப்பெயர் பிரெஞ்சுக்காரர் வாயில் நுழையாது என்று 'வின்சென்ட்' என்று மட்டும் ஒப்பமிட்டவர் அவர். அந்த ஒப்பம் இங்கும் செல்லும். கலையானதால் அதன் சான்று குறையவில்லை.

இந்த வேறுபாட்டுக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 57ஆம் பிரிவு படைப்பாளிக்கு இரண்டு தனி உரிமைகளைத் தருகிறது: படைப்பு தன்னுடையது என்று கோரும் உரிமை, தன் மதிப்புக்கோ நற்பெயருக்கோ கேடாகும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை. ஓவியத்தை நகலெடுத்து அச்சிடும்போது மூலையிலிருக்கும் பெயரை வெட்டிவிட்டால் முதல் உரிமை மீறப்படுகிறது. சாந்த் மாரி ஓவியத்தைப் போல ஒன்றில் அந்தச் சிவப்பை வெட்டினால் இரண்டாவது உரிமையும் சேர்ந்து மீறப்படுகிறது, ஏனெனில் அங்கே ஓவியத்தின் ஒரு துண்டே போகிறது. பட்டியலில் 'கையொப்பம் உள்ளது' என்ற ஒற்றை வரியை எழுதுபவர்கள், அது படத்தோடு எழுதப்பட்டதா, படத்தின் நிற அமைப்பில் பங்கேற்கிறதா என்று இன்னொரு வரி சேர்த்தால், நகலெடுப்பவர் எதைத் தொடக்கூடாது என்பது தெரிந்துவிடும்.

சில இடங்களில் எல்லையை வரைவது கடினம்தான். டியூரரின் 1504ஆம் ஆண்டுச் செப்புத்தகட்டு அச்சான 'ஆதாம் ஏவா'ளில், ஆதாம் பற்றியிருக்கும் கிளையில் ஒரு சிறு பலகை தொங்குகிறது. அதே கிளையில் ஒரு கிளி உட்கார்ந்திருக்கிறது. பலகையில் டியூரரின் பெயரும் ஊரும் ஆண்டும் லத்தீனில் இருக்கின்றன. நியூரம்பர்க் மன்றத்தின் அளவுகோல்படி எழுத்துகளைச் சுரண்டிவிட்டுப் படத்தை விற்கலாம். சுரண்டினால் ஏதேன் தோட்டத்து மரத்தில் காரணமே தெரியாத ஒரு வெற்றுப் பலகை தொங்கிக்கொண்டிருக்கும்.