கானாவாழையும் கோவிந்துவின் பெயரும்

கடலூருக்கு மேற்கே எங்க ஊர்ப் பக்கம் மல்லாக்கொட்டைக் கொல்லையில் களை எடுக்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் அதிகம் திட்டுகிற செடிகளில் கானாவாழைக்கு நிச்சயம் ஓரிடம் உண்டு. பிடுங்கி வரப்பில் போட்டால் கணுவில் வேர் விட்டு அங்கேயே முளைத்துவிடும். மண்ணுக்கு மேலே நீலமாகப் பூக்கும். மண்ணுக்கு அடியிலும் பூக்கும், ஆனால் அந்தப் பூ விரியாது. மூடியபடியே தன்னைத் தானே கருவுறச் செய்து விதை கட்டிவிடும். எங்க ஆயா இதைத் திட்டிக்கொண்டே பிடுங்குவாள், கொழுந்தை மட்டும் கிள்ளி மடியில் கட்டிக்கொள்வாள். சாயந்திரம் அது கீரையாகிவிடும்.

இந்தச் செடிக்குத் தாவரவியலில் கொம்மெலினா என்று பெயர். 1753இல் லின்னேயஸ் அதை முறைப்படி வெளியிட்டார். பூவில் இரண்டு இதழ் பெரிதாக, நீலமாக இருக்கும். மூன்றாவது சிறியது, கண்ணில் படாது. கொம்மெலின் என்ற டச்சுக் குடும்பத்தில் இரண்டு பேர் தாவரவியலில் பெயர் எடுத்தார்கள், மூன்றாமவர் எதையும் சாதிப்பதற்குள் இறந்துவிட்டார், அதனால்தான் இந்தப் பெயர் என்று லின்னேயஸே விளக்கம் சொன்னார். ஒரு செடியின் பெயருக்குள் யார் நினைக்கப்பட்டார், யார் விடுபட்டார் என்ற கணக்கும் இருக்கிறது என்பது எனக்கு முதலில் புரிந்தது இங்கேதான்.

கானாவாழையின் குடும்பத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவற்றில் பூ ஒரு நாள்கூடத் தாங்காது, காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும். எல்லாமே கொல்லையில் வளர்கிற களை இல்லை. சில பேரினங்கள் மழைக்காட்டின் தரையில், பெரிய மரங்களின் நிழலில் மட்டும் வாழ்பவை. அதில் ஒன்றுதான் டிக்டியோஸ்பெர்மம். கிரேக்கத்தில் 'டிக்டியோன்' என்றால் வலை, 'ஸ்பெர்மா' என்றால் விதை. விதையின் மேல்தோலில் வலை பின்னினதுபோல் வரிகள் இருப்பதால் வந்த பெயர்.

இதைத் தேடி நம்ம பக்கம் அலைய வேண்டாம். கடலூர் பக்கத்துத் திருமாணிக்குழி கோயில் காடு போன்ற இடங்களில் மிஞ்சியிருப்பது கடற்கரையோர உலர் பசுமைமாறாக் காடு. ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டும், பிறகு மாசக்கணக்கில் காயும். டிக்டியோஸ்பெர்மத்துக்கு ஈரம் வற்றாத தரை வேண்டும். அதனால் தமிழ்நாட்டில் அதன் வீடு மேற்குத் தொடர்ச்சி மலை.

ஆனால் அதற்குப் பெயர் வைத்தவர் நம்ம கடற்கரையில் வாழ்ந்தவர்தான். ராபர்ட் வைட், ஸ்காட்லாந்துக்காரர், 1796இல் பிறந்தவர். 1819இல் கம்பெனி மருத்துவராக இந்தியா வந்தார். 1826இல் சென்னை அரசாங்கத்தின் இயற்கை ஆய்வாளர் பதவி கிடைத்தது; 1828இல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். வைட்டை நாகப்பட்டினத்துக்கு, அங்கிருந்த படைக்கு வைத்தியம் பார்க்க அனுப்பினார்கள். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டி, சீர்காழி, தரங்கம்பாடி வழியாகப் போனால் நாகை வந்துவிடும். நடுவில் இருக்கிற தரங்கம்பாடியில்தான் லின்னேயஸின் மாணவர் கேனிக் 1768இல் வந்திறங்கி, இந்தக் கரையின் செடிகளை அவருடைய முறைப்படி வகைப்படுத்தத் தொடங்கியிருந்தார். பதவி போனாலும் வைட் செடி சேகரிப்பதை விடவில்லை.

பின்னாளில் அவர் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தி பயிரிடும் சோதனைகளைக் கவனித்தார். கூடவே 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் இந்தியச் செடிகளின் படங்களை வெளியிட்டார். மொத்தம் 2,101 படங்கள். டிக்டியோஸ்பெர்மம் 1853இல் வந்த கடைசித் தொகுதியில்தான் முதல்முதலாக அச்சில் வந்தது. இன்றைக்கும் அந்தப் பேரினத்தின் பெயருக்குப் பின்னால் வைட் என்று சேர்த்து எழுதுகிறார்கள்.

சரி, 2,101 படங்களை வரைந்தது யார்?

ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். முதலில் ரங்கையா, 1840களின் நடுவிலிருந்து பெரும்பாலும் கோவிந்து. படத்தின் கீழே பொடி எழுத்தில் அவர்கள் பெயர் இருக்கும். விதையின் வலை வரியை வைத்து ஒரு பேரினத்தையே பிரிக்கிறோம் என்றால், அந்த வரியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துச் சரியாக வரைய ஒருவர் வேண்டும். அந்தக் கண்ணும் கையும் பெரும்பாலும் இவர்களுடையது.

வைட் இதை உணராதவர் இல்லை. அதே ஆறாம் தொகுதியில், டிக்டியோஸ்பெர்மம் வந்த சில பக்கங்கள் தள்ளி, ஒரு ஆர்க்கிட்டுக்கு 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார். தன் ஓவியரின் பெயரில் ஒரு பேரினம்! 1853இல் ஒரு இந்திய ஓவியருக்கு இப்படி ஒரு மரியாதை சாதாரணம் இல்லை.

போன வருஷம் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள். ஒரு பெண் எழுந்து, "சார், அந்தக் கோவிந்து செடி இப்ப எங்க இருக்கு? போய்ப் பாக்கலாமா?" என்று கேட்டாள். மலையில் எங்கேயாவது இருக்கும்மா என்று சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்து தேடினேன். செடி இருக்கிறது. பெயர்தான் இல்லை. அந்த ஆர்க்கிட், லிண்ட்லி 1833இலேயே பெயர் வைத்துவிட்ட டிராபிடியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது என்று பிறகு முடிவு செய்துவிட்டார்கள். தாவரவியலில் முந்தி வைத்த பெயருக்குத்தான் உரிமை. அதனால் 'கோவிந்தூயா' இப்போது இணைப்பெயர்ப் பட்டியலில் கிடக்கிறது. யார் மேலும் தப்பில்லை. ஒரே செடிக்கூட்டத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் அறிவியல் நடக்காது, அந்த விதி வேண்டியதுதான். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி மனசு கேட்கவில்லை. அடுத்தடுத்து அச்சான இரண்டு பெயர்கள், இரண்டுமே காட்டுத் தரையின் நிழலில் வாழ்கிற செடிகளுக்கு வைத்தவை. விதையைப் பற்றிய பெயர் நின்றது, மனிதனைப் பற்றிய பெயர் மறைந்தது. வைட்டின் பெயரில் வாலிச் 1830இல் வைத்த 'வைட்டியா' இன்னும் நிற்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் நிலைக்க வேறு வழியும் உண்டு. சிதம்பரத்துக்கே பழைய பெயர் தில்லை. அந்த மரம் இன்றைக்கும் பிச்சாவரம் உப்பங்கழியில் நிற்கிறது. லத்தீனில் அதன் பேரினப் பெயர் எக்ஸ்கொகேரியா, அதாவது குருடாக்குவது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதால். புத்தகம் அதன் விஷத்தை நினைவு வைத்திருக்கிறது, ஊர் அந்த மரத்தையே தன் பெயராக வைத்துக்கொண்டது. இந்தப் பெயருக்கு முந்துரிமை விதி கிடையாது. வாயில் சொல்லச் சொல்ல இருக்கும்.

அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதி அவள் ஆசிரியர் மூலமாக அனுப்பினேன். "அன்னிக்கு நான் சொன்னதில் பாதிதான் சரி. செடி இருக்கு, இப்ப அதுக்கு வேற பேர். ஆனா அந்தப் படங்களோட கீழே கோவிந்துன்னு இன்னும் அச்சில் இருக்கு, அதை எந்த விதியும் அழிக்க முடியாது."

மறக்காமல் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: உங்க வீட்டு ஆயாகிட்ட கொல்லையில இருக்கிற செடிங்க பேரையெல்லாம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வை. எங்க ஆயாகிட்ட நான் கானாவாழை ஒன்றைத்தான் கேட்டு வைத்திருந்தேன்.