மேல் மாகாணத் தமிழர் ஆசனம் (1924–1931)

இலங்கையின் தேர்தற் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடும் தொகுதி ஒன்றுண்டு. சட்டநிரூபண சபையில் மேல் மாகாணத் தமிழருக்கென ஒதுக்கப்பட்ட ஆசனமே அது. ஏழாண்டுகளுக்கு மேல் அது நிலைக்கவில்லை. அது கண்ட பொதுத் தேர்தலும் ஒன்றே. ஆயினும் அதன் பொருட்டு நிகழ்ந்த பிணக்கு இந்நாட்டின் அரசியலையே திசைதிருப்பியது.

1911ஆம் ஆண்டு இறுதியில் 'படித்த இலங்கையர்' ஆசனத்துக்கு நிகழ்ந்த முதற்றேர்தலிலே, சிங்களரான மார்க்கஸ் பெர்னாண்டோவைப் பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். சிங்கள வாக்காளர் பலரின் ஆதரவின்றி அவ்வெற்றி கிட்டியிராது. இதனை மனங்கொண்டாலன்றிப் பின்வந்த மாற்றத்தின் கடுமை புலனாகாது.

இராமநாதனின் இளவல் சேர் பொன்னம்பலம் அருணாசலம், இரு இனத்தாரும் ஒன்றுகூடித் தேசிய காங்கிரஸ் ஒன்றை அமைக்கவேண்டுமென அரும்பாடுபட்டார். பிரதேசவாரித் தேர்தலாற் சிறுபான்மையோர் நலங்குன்றுமென யாழ்ப்பாணச் சங்கத்தார் தயங்கினர். அத்தயக்கத்தைப் போக்கவே, மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓராசனம் ஒதுக்குவதை ஆதரிப்பதாக ஜேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் 1918 டிசம்பரில் எழுத்திலே உறுதி கூறினர். அதனை நம்பியே தமிழர் 1919 டிசம்பரில் உதயமான காங்கிரசிற் சேர்ந்தனர். அருணாசலமே அதன் முதற் றலைவர்.

1921ஆம் ஆண்டுத் தேர்தல் நெருங்கியபோது அவ்வுறுதி காங்கிரசைக் கட்டுப்படுத்தாது என்று வாதிக்கலாயினர். கொழும்பு நகர ஆசனத்துக்குப் பீரிஸ் அவர்களே போட்டியிட, அருணாசலம் விலகிக்கொண்டார். அவ்வாண்டிலேயே காங்கிரசையும் துறந்தார். ஓராசனத்தை விட்டுக்கொடுத்தலால் காங்கிரசார்க்கு நேர்ந்திருக்கக்கூடிய நட்டம் மிகச் சிறிது. பெற்றிருக்கக்கூடிய நன்மையோ அளவிறந்தது. மனிங் தேசாதிபதியின் சூழ்ச்சியைக் குறைகூறுவோர் உளர். சூழ்ச்சிக்கு வாயில் திறந்து வைத்தவர் நம்மவரேயன்றோ!

மறுக்கப்பட்ட ஆசனத்தை 1923ஆம் ஆண்டு யாப்பு வழங்கியது. 49 அங்கத்தவர் கொண்ட சபையில் பிரதேசவாரியாக 23 பேரும் இனவாரியாக 11 பேரும் தெரிவாகினர். அப்பதினொருவருள் மேல் மாகாணத் தமிழர் பிரதிநிதி ஒருவர். வெள்ளவத்தை, பொரளை, கொட்டாஞ்சேனை எங்கு வாழினும், வாக்குரிமை பெற்ற தமிழர் அத்தொகுதியினராயினர். அவ்வுரிமையோ கல்வியும் வருவாயும் உடைய ஆடவர்க்கே உரியது. நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரே அதனைப் பெற்றிருந்தனர். அருணாசலம் 1924 ஜனவரி 9ஆம் நாள் மதுரையிற் காலமானமையால் அத்தேர்தலைக் காணும் பேறு பெற்றிலர். அவ்வாசனத்துக்குத் தெரிவானவர் அவருடைய மைந்தர் மகாதேவா.

இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிய வேண்டுமென்றும் வாக்குரிமை விரிவுபெற வேண்டுமென்றும் டொனமூர் ஆணைக்குழுவினர் 1928இல் விதந்துரைத்தனர். 1929 டிசம்பரில் 19க்கு 17 என்ற வாக்குகளாற் சட்டநிரூபண சபை அத்திட்டத்தை ஏற்றது. 1931இல் அரசாங்க சபை தோன்றவே தமிழர் ஆசனம் மறைந்தது. வடக்கிலே தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டது. மகாதேவா பின்னர் யாழ்ப்பாணத் தொகுதியின் பிரதிநிதியானார்.

கொழும்புத் தமிழர் குரலிழப்பர் என அஞ்சியோர்க்கு வியப்பளித்தது கொழும்பு வடக்குத் தொகுதி. கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய அப்பல்லினத் தொகுதியில், 1931இலே வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து பொது வாக்கால் வென்றார். தேர்தல் வழக்கினால் அவர் ஆசனமிழக்க, 1932ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் அவர்தம் துணைவியார் நேசம் சரவணமுத்து வெற்றியீட்டினார். 1936இலும் அவ்வம்மையாரையே அத்தொகுதி மீண்டும் தெரிவுசெய்தது.